கல்வராயன் மலைக்குத் தம்பியைக் கூட்டிவரப் போனேன்

உளுந்தூர்பேட்டையில் பஸ் ஏறியதுமே கண்டக்டரோடு ஒரு சண்டை. "எங்கம்மா போவணும், சட்டுனு சொல்லு" என்றான். வயசுக்கு ஒரு மரியாதை வேண்டாமா? "சட்டுனு சொல்ல நான் என்ன ஏலமா விடுதேன்?" என்று கேட்டேன். என் தெற்கத்திப் பேச்சைக் கேட்டு முன் சீட்டில் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். கள்ளக்குறிச்சிக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இந்தப் பயணமே அந்தக் கோபம் செய்த வேலையைச் சரிபண்ணத்தான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோவில்பட்டியில் ரயில்வே கேட் பக்கத்தில் இருபது வருஷமாக மெஸ் நடத்துகிறவள் நான். என் தம்பி சுடலைமுத்து எனக்கு எட்டு வயசு இளையவன். அம்மா சீக்கிரம் போய்விட்டதால் நான்தான் வளர்த்தேன். பெண்டாட்டி விட்டுப் போனபிறகு அவனுக்கு மனசு பேதலித்துவிட்டது. தனக்குத்தானே பேசுவான், சாப்பிட வருகிறவர்களின் இலைக்கு எதிரே போய் நின்று முறைப்பான். ஆட்கள் வருவது குறைந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், மத்தியான சாப்பாட்டு நேரத்தில், நான் அவனை மெஸ்ஸைவிட்டு வெளியே தள்ளினேன். அத்தோடு போனவன்தான். ஊரெல்லாம் தேடினேன் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். முதல் இரண்டு மாசம் நான் தேடவே இல்லை. அதுதான் உண்மை.

போன மாசம் ஒரு போன் வந்தது. கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, மலையடிவாரத்தில், தெருவில் கிடக்கிறவர்களைக் கூட்டிவந்து வேலை கொடுத்து வைத்துக்கொள்கிற ஒரு இல்லம். அங்கே ஒருவன் தன் பேர் சுடலைமுத்து என்றும், ஊர் கோவில்பட்டி என்றும், அக்கா செல்லம்மாள் ரயில்வே கேட்டில் மெஸ் வைத்திருக்கிறாள் என்றும் சொல்லுகிறானாம். போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மறுநாளே ஆறடி ஆளுக்குச் சட்டை வேட்டி எடுத்தேன், இரண்டு கிலோ கடலைமிட்டாய் கட்டினேன். கூட வருகிறேன் என்ற மகனை மெஸ்ஸைப் பார்த்துக்கொள் என்று நிறுத்திவிட்டேன். தம்பி காலில் விழ வேண்டியிருந்தால் மகன் முன்னால் விழ வேண்டாமே என்றுதான்.

எலவனாசூர்கோட்டைக்கு வந்ததும் பஸ் பஞ்சர். ஸ்டெப்னியும் சரியில்லை. ஒன்றரை மணி நேரம் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். டீ என்று ஒன்று கொடுத்தார்கள். சர்க்கரைத் தண்ணீரில் பால் காட்டியிருந்தார்கள். எங்கள் மெஸ்ஸில் அந்த டீயைக் கொடுத்தால் கிளாஸ் என் மேல் பறந்து வரும். பக்கத்தில் களை வெட்டப் போய்த் திரும்புகிற ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முந்தானையை அவிழ்த்து அவித்த வேர்க்கடலையை என் மடியில் கொட்டினாள்.

"எந்த ஊருக்கு?" என்றாள்.

"கள்ளக்குறிச்சி. தம்பியைப் பாக்க."

"தம்பி இன்னா பண்றாரு?"

"வேல பாக்கான்" என்றேன். "நல்ல வேல. கவருமெண்டு."

சொல்லி முடித்ததும் எனக்கே சீ என்று ஆகிவிட்டது. முன்பின் தெரியாத ஊரில், முன்பின் தெரியாத பெண்ணிடம்கூட நான் அவனை மறைத்துத்தான் பேசுகிறேன். அந்தப் பெண் பாவம், நம்பினாள். "குடுத்துவெச்சவ" என்றாள்.

அன்று கள்ளக்குறிச்சியில் ஒரு லாட்ஜில் தங்கினேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சாப்பாடு. குழம்பில் புளி கம்மி, காரம் ஜாஸ்தி. இந்தப் பக்கத்து ஆட்கள் மாதிரி கம்மி, ஜாஸ்தி என்று நானே பேச ஆரம்பித்துவிட்டேன் பாருங்கள். சாப்பிட்டுவிட்டு வரும்போது பஸ் ஸ்டாண்டு மூலையில் ஒருவன் சாக்கைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தான். காலில் புண், ஈ மொய்த்தது. எங்கள் ஊர் ஸ்டேஷனிலும் இப்படி நான்கு பேர் கிடப்பார்கள், நான் ஒருநாளும் முகத்தைப் பார்த்ததில்லை. அன்றைக்குக் குனிந்து பார்த்தேன். அவன் என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினான்.

மறுநாள் காலையில் கச்சிராயபாளையம் போகிற டவுன் பஸ்ஸில் போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் இல்லத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். மூன்று நீளமான ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகைகள், ஒரு போர்வெல், முன்னால் சிமெண்டுக் களம். களத்தில் வெட்டிப்போட்ட கிழங்குத் துண்டுகள் வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருந்தன. நாங்கள் மரச்சீனி என்கிற கிழங்கை இங்கே குச்சிக்கிழங்கு என்கிறார்கள். பத்துப் பதினைந்து பேர் இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பொறுப்பாளர் பேர் வேலாயுதம். பழைய லாரி டிரைவர். அவரே ஒரு காலத்தில் திருக்கோவிலூர் பாலத்தடியில் கிடந்தவர் என்று, நான் கேட்காமலேயே சொன்னார். "வாங்கம்மா. உங்க தம்பி மேல இருக்கறாரு. மலையில நெலம் குத்தகைக்கு எடுத்துக்கினு இருக்கோம், கெழங்கு புடுங்கறாங்க. நாளைக்கு நான் இட்டுக்கினு போறேன்."

"இன்னைக்கே போனா என்ன?" என்று சீறினேன்.

"ஜீப்பு நாளைக்குத்தான்மா. ஒம்போது வருஷம் ஆயிடுச்சி, ஒரு நாளு பொறுக்கக் கூடாதா?" என்றார். அவர் குத்திக்காட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்.

அந்த இல்லத்தில் ஒரு வழக்கம். புதிதாக வருகிறவனை ஏற்கனவே இருக்கிற ஒருவனோடு ஜோடி சேர்த்துவிடுவார்கள். ஒரு வரிசையில் இரண்டு பேர்: ஒருவன் செடியைப் பிடுங்கினால் மற்றவன் கிழங்கை வெட்டி எடுப்பான். பக்கத்தில் பக்கத்தில்தான் பாய். சாப்பாட்டிலும் அப்படித்தான். யாரும் தன் தட்டில் தானே போட்டுக்கொள்ளக் கூடாது, ஜோடிதான் போட வேண்டும். தெருவில் பிடுங்கித் தின்று பழகியவர்களுக்கு இது மகா கொடுமை. என் கண் முன்னாலேயே ஒரு ஆள் ஜோடி வருவதற்குள் களி உருண்டையை எடுத்து ஜோப்பில் திணித்துக்கொண்டான். யாரும் அதட்டவில்லை. ஜோடி வந்து உட்கார்ந்து, காலித் தட்டில் இன்னொரு உருண்டை வைத்தான். ஜோப்பிலிருந்ததை அந்த ஆளே வெளியே எடுத்து வைக்க வெகுநேரம் ஆயிற்று.

"எல்லாரும் தேறிடுவாங்களா?" என்று கேட்டேன்.

"எங்கம்மா" என்றார் வேலாயுதம். "பாதிப் பேரு ஓடிப் பூடுவாங்க. சில பேரு செத்துப் பூடுவாங்க. உங்கள மாதிரி யார்னா தேடிக்கினு வர்றது அபூர்வம். அதான் சமையல்காரம்மா நாளைக்கு மேல பாயசம் வெக்கணும்னு வெல்லம் குடுத்தனுப்புது."

மூன்றாம் நாள் ஜீப். எட்டுப் பேர் உட்காருகிற வண்டியில் பதினான்கு பேர், இரண்டு மூட்டை அரிசி, என் காலடியில் ஒரு ஆடு. கொண்டைஊசி வளைவுகளில் ஆடு என் சேலையை மென்றது. பாதி மலையில் ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றுவிட்டது. இறங்கி நின்றோம். எங்கள் கரிசல் காட்டில் எந்தப் பக்கம் பார்த்தாலும் கண் போகிற தூரம் தெரியும். இங்கே வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாது. என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று நான் அங்கே நின்று ஒத்திகை பார்த்தேன். "ஏலே சுடலை, அக்கா வந்திருக்கேன்" என்று ஒரு தடவை வாய்விட்டே சொல்லிப் பார்த்தேன். ஆட்டுக்காரி என்னை ஒருமாதிரி பார்த்தாள்.

வெள்ளிமலைக்கு அப்பால் மண் பாதையில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடை. சரிவு முழுக்கக் கிழங்குக் காடு. வேலாயுதம் ஒரு கொட்டகை முன்னால் என்னை நிறுத்திவிட்டு, நான் கொடுத்த துணிப்பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அவனைக் குளிக்கவைத்துச் சவரம் பண்ணி வைத்திருப்பதாகச் சொன்னார். வேலையை விட்டுவிட்டு எல்லோரும் வந்து கூடினார்கள்.

உள்ளேயிருந்து ஒருவன் வந்தான். குள்ளமானவன். நான் எடுத்த சட்டையின் கை அவன் விரல் நுனியையும் தாண்டித் தொங்கியது. வேட்டியை மூன்று சுற்றுக் கட்டியிருந்தான். முகம் என் வம்சத்து முகமே இல்லை.

"அக்கா" என்று கூப்பிட்டு அழுதான்.

யாரிது என்று கேட்க வாயெடுப்பதற்குள் அவன் பேச ஆரம்பித்துவிட்டான். "மெஸ்ஸு நல்லா போவுதாக்கா? பின்னாடி கொடுக்காப்புளி மரம் இருக்குதா? கருப்பன் நாயி செத்துருக்கும் இல்ல? நீ எண்ணெ ஊத்தி காலு வெந்துச்சே, அந்தத் தழும்பு இருக்குதா?" என் சேலைக் கரையை விலக்கி இடது கணுக்காலைப் பார்த்தான். தழும்பு அங்கேதான் இருக்கிறது. என் மகன் பிறப்பதற்கு முன்னால் பட்டது அது. முந்தானையால் கண்ணைத் துடைத்தேன். "அழாதக்கா, சவத்த வுடு" என்றான் அவன். போகட்டும் என்பதற்குச் சவத்தை விடு என்பது எங்கள் ஊர்ப் பேச்சு. இந்த மலையில் அதை யாரும் பேசமாட்டார்கள்.

வேலாயுதத்தின் கையைப் பிடித்துத் தனியாக இழுத்துக்கொண்டு போனேன். "இவன் என் தம்பி இல்ல. யார் இவன்?"

அவர் முகம் வெளுத்தது. "இன்னாம்மா சொல்றீங்க? எல்லாம் கரெக்டா சொல்றானே!"

"இவனுக்கு ஜோடி யாரு?"

"இப்ப யாரும் இல்ல. முன்ன ஒருத்தரு இருந்தாரு. வந்த நாள்லேர்ந்து எங்ககிட்ட ஒரு வார்த்த பேசல. பேரு கேட்டாலும் ஊரு கேட்டாலும் வாயத் தெறக்க மாட்டாரு. சாமின்னு கூப்புடுவோம். இந்தத் தொரைகிட்ட மட்டும் குசுகுசுன்னு பேசிக்கினே இருப்பாரு. இவனுக்கு மண்டையில அடி, பழசு ஒண்ணுமே ஞாபகம் இல்ல. தொரைங்கற பேரே நாங்க வெச்சதுதான். போன ஐப்பசி மழையில சாமிக்கு ஜொரம் வந்துச்சி. ரோடு அறுத்துக்கிச்சி, ஜீப்பு ஏற முடியல. நாலாம் நாளு பூட்டாரு. அதுக்கப்புறம் தொரை தட்டுல யாரு போட்டாலும் துன்னமாட்டான். ஒரு நாளு திடீர்னு வந்து, எம் பேரு சுடலைமுத்துன்னான். ஞாபகம் வந்துடுச்சின்னு நாங்க..."

"அந்தச் சாமி நல்ல உயரமா? முன்பல்லு பாதி ஒடஞ்சிருக்குமா?"

அவர் தலைத்துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

புதைத்த இடம் சரிவின் ஓரத்தில் ஒரு பலாமரத்துக்குக் கீழே. நிலத்துக்காரர் அந்த ஊர்க்காரர், தன் சொந்த மண்ணிலேயே இடம் கொடுத்திருந்தார். மூன்று கல் வைத்து, மேலே ஒரு பிடி சாமை தூவியிருந்தார்கள். அது முளைத்துக் காய்ந்து கிடந்தது. நான் மண்ணில் விழுந்து புரண்டு அழுதேன். சுடலை சுடலை என்று கத்தினேன். குட்டையன் பின்னாலேயே வந்து என் தோளைத் தட்டினான்.

"நான் இங்க இருக்கேன்க்கா. அது தொரை. என் ஜோடி. ஜொரத்துல பூட்டான். நான்தான் தண்ணி ஊத்திக்கினு இருந்தேன், நான்தான் குழி தோண்டினேன். நல்லவன்க்கா. அவனுக்கு அக்கா தங்கச்சின்னு யாரும் கெடையாது. அதான் யாரும் வரல."

அவனிடம் எதைச் சொல்வது? அந்த மண்ணுக்குக் கீழே இருப்பவனிடம் கேட்க வேண்டியதை இவனிடம் கேட்டேன். இனி இவன் ஒருவனுக்குத்தான் பதில் தெரியும்.

"இத்தன வருஷமா ஏன் பேரச் சொல்லல? ஊரச் சொல்லியிருந்தா நான் ஓடி வந்திருப்பேனே."

"நீதானேக்கா சொன்ன" என்றான், ஆச்சரியமாக. "எங்க போனாலும் எம் பேரச் சொல்லாத, ஊரு பேரச் சொல்லாத, நீ என் தம்பின்னு ஒரு பயலுக்கும் தெரியக் கூடாதுன்னு. அதான் சொல்லல."

சொன்னேன். அன்றைக்கு வாசலில் அவனைத் தள்ளிவிட்டு, அவன் பையைத் தெருவில் வீசி எறிந்து, இதே வார்த்தைகளைச் சொன்னேன். மகனுக்கும் அது தெரியாது. நானே மறந்துபோயிருந்தேன். கோபத்தில் வாயில் வந்ததை எல்லாம் கொட்டுகிறவளுக்கு எது ஞாபகம் இருக்கும்? அவன் அதை அப்படியே கேட்டு நடந்திருக்கிறான். மனசு பேதலித்தவன், ஜுரத்தில் கிடந்தவன், சாகும்வரை என் சொல்லைத் தட்டவில்லை.

"அப்புறம் ஏன் வேலாயுதத்துகிட்ட சொன்ன?"

"தொரை செத்ததும் பயந்துட்டேன்க்கா. பேரு தெரியாம செத்தா கல்லு மட்டும்தான் வெப்பாங்க. ஒம்போது வருஷம் ஆயிடுச்சே, அக்காவுக்குக் கோவம் போயிருக்கும்னு சொல்லிட்டேன்."

மத்தியானம் எல்லோரையும் வரிசையாக உட்காரவைத்தார்கள். சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு, கிழங்குப் பொரியல், பாயசம். வேலாயுதம் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. அவருக்கும் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை போல. அவன் என் முன்னால் வந்து தட்டை நீட்டினான். தட்டை நீட்டினவனுக்கு இல்லை என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை; வாழ்க்கையில் ஒருவனுக்குத்தான் சொன்னேன். இருபது வருஷம் பரிமாறிய கை, தானாக அகப்பையை எடுத்துப் போட்டுவிட்டது. போட்ட பிறகுதான் அந்த வழக்கம் எனக்கு உறைத்தது. வரிசை முழுக்க ஒரு சந்தோஷச் சத்தம். "தம்பிக்கு ஜோடி வந்துடுச்சி" என்று யாரோ சொன்னார்கள். அவன் பருக்கை விடாமல் தின்றான். என் கடலைமிட்டாயை அவனே எல்லோருக்கும் கொடுத்தான்.

கூட்டிக்கொண்டு போனால் என்ன என்று நான் யோசிக்காமல் இல்லை. வீட்டில் இடம் இருக்கிறது. மகன் முணுமுணுத்தாலும் ஒத்துக்கொள்வான். ஆனால் காலையில் எழுந்ததும் அந்த வாய் என்னை அக்கா என்று கூப்பிடும், கருப்பன் நாயைப் பற்றிக் கேட்கும், நான் வாசலில் சொன்னதைச் சொல்லும். சத்தியமாக எனக்கு அதைத் தாங்கும் தெம்பு இல்லை. நான் நல்லவள் என்று இதை எழுதவில்லை.

மூன்று மணிக்கு ஜீப் கிளம்பத் தயாரானது. நான் வந்து பார்க்கும்போது அவன் ஏற்கனவே பின் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தான். மடியில் ஒரு பையும் அவன் தட்டும். வேலாயுதம் என் பக்கத்தில் வந்து, "நீங்களே சொல்லிடுங்கம்மா. நாங்க சொன்னா நம்பமாட்டான்" என்றார். எல்லோரும் கொஞ்சம் தள்ளி நின்றார்கள்.

அவன் பக்கத்தில் போய்க் கையைப் பிடித்தேன். காய்ப்புக் காய்த்த கை.

"இங்க பாரு ராசா. நான் உன் அக்கா இல்ல. நீ என் தம்பி இல்ல."

அவன் அழவில்லை, வாதாடவும் இல்லை. இப்படிச் சொல்வேன் என்று தெரிந்தே இருந்தவன்போல என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு தட்டையும் பையையும் எடுத்துக்கொண்டு மெதுவாக இறங்கினான். தொங்குகிற சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, மற்றவர்களுக்குக் கேட்காதபடி என் காதருகில் வந்து சொன்னான்:

"இன்னும் கோவம் போவலியாக்கா? சரி. கோவம் போனதும் வா. இனிமே யார்கிட்டயும் பேரச் சொல்லமாட்டேன்."